1.2 டெராபைட் காலி, ஆனால் இடமில்லை: ஒரே பார்ட்டிஷனை இரண்டாம் முறை ஃபார்மேட் செய்த கதை

காலையில் பேக்கப் லாகைத் திறந்தால் கடைசி வரியில் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்று நிற்கிறது. டிஸ்கில் இடமில்லையாம். 2 டெராபைட் பார்ட்டிஷன், பயன்பாட்டுக்கு வந்து ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் எப்படி நிரம்பும்? டிஸ்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் 'டிஎஃப்' கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். 1.2 டெராபைட்டுக்கு மேல் காலியாக இருக்கிறது என்றது. ஏதோ அந்த நேரத்துக் கோளாறாக இருக்கும் என்று நினைத்து, அதே இடத்தில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிப் பார்த்தேன். அதே பதில்தான் வந்தது. ஒரு பைட்கூட இல்லாத கோப்புக்கு இடமில்லை!

கொஞ்ச நேரம் திருதிருவென்று விழித்துவிட்டு, 'டிஎஃப்' உடன் '-ஐ' சேர்த்து ஓட்டினேன். மொத்தம் 20,97,152. பயன்பாட்டில் 20,97,152. மிச்சம் பூஜ்யம். தீர்ந்துபோனது இடம் இல்லை, ஐநோடு.

டிஸ்கில் கோப்புகளை ஒழுங்காக அடுக்கிவைக்கும் முறைதான் ஃபைல் சிஸ்டம். லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஓர் ஐநோடு வேண்டும். கோப்பு யாருடையது, யார் திறக்கலாம், கடைசியாக எப்போது மாறியது, அதன் தரவு எந்தெந்த பிளாக்குகளில் கிடக்கிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கோப்பின் பெயர் மட்டும் அதில் இருக்காது. அது ஃபோல்டரில் இருக்கும். கிடங்கில் பாதி இடம் காலி, ஆனால் வரும் மூட்டையைப் பதிந்துகொள்ளப் பதிவேட்டில் ஒரு வரிகூட மிச்சமில்லை என்றால் கணக்குப்பிள்ளை என்ன செய்வார்? மூட்டையைத் திருப்பி அனுப்புவார். என் டிஸ்க் செய்ததும் அதுதான். அந்தப் பதிவேட்டில் எத்தனை வரிகள் என்பது ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. அதை முடிவு செய்தவன் நான்.

முதல் முறை நான் செய்தது

டிஸ்க் 4 டெராபைட், யுஎஸ்பி பெட்டிக்குள் இருப்பது. அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் 4 டெராபைட் 1000-இன் மடங்குக் கணக்கு. லினக்ஸ் கருவிகள் 1024-இன் மடங்கில் எண்ணுவதால் 3.6 என்று காட்டும். நான் இங்கே சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது கணக்குதான். 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க் என்பதால் பார்ட்டிஷன்களைக் குறித்துவைக்கும் பழைய எம்பிஆர் அட்டவணை சரிப்படாது, ஜிபிடி அட்டவணை போட்டேன். முதல் பார்ட்டிஷன் படங்களுக்கும் வீடியோக்களுக்கும். அதை விண்டோஸ் லேப்டாப்பிலும் செருகிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, 2 டெராபைட், லினக்ஸ் கணினியின் இரவு பேக்கப்புக்கு.

முதலாவதற்கு எக்ஸ்ஃபேட் ஃபைல் சிஸ்டம் போட்டதில் பெரிய யோசனை இல்லை. ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது, ஒரு பைட்டாவது குறைவாக இருக்க வேண்டும். நீளமான வீடியோக்களுக்கு அது ஒத்துவராது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் போட்டிருக்கலாம், லினக்ஸின் மையமான கெர்னலிலேயே 5.15 பதிப்பு முதல் அதற்கு எழுதும் டிரைவர் உண்டு. ஆனால் எக்ஸ்ஃபேட்டை மேக், டிவி, கேமரா என்று பெரும்பாலான சாதனங்கள் கேள்வி கேட்காமல் படிக்கின்றன. மைக்ரோசாஃப்ட் 2019-இல் அதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு லினக்ஸ் கெர்னலுக்குள்ளும் முறையாக வந்துவிட்டது. அதற்கு ஜர்னல் (எழுதும்போது பாதியில் நின்றால் மீள உதவும் குறிப்பேடு) கிடையாது, கோப்பு அனுமதிகள் கிடையாது. பார்ட்டிஷன் 32 ஜிபியைத் தாண்டினால் கிளஸ்டர் அளவு, அதாவது ஒரு கோப்புக்கு ஒதுக்கும் குறைந்தபட்ச இடம், இயல்பாகவே 128 கேபி. ஒரு கேபி குறிப்புக் கோப்பும் 128 கேபியை விழுங்கும். படங்களுக்கும் வீடியோக்களுக்கும் அது பொருட்டல்ல. பேக்கப்புக்கு வேண்டவே வேண்டாம்.

தவறு நடந்தது இரண்டாவது பார்ட்டிஷனில். எக்ஸ்ட்4 என்று முடிவு செய்துவிட்டு, அதை உருவாக்கும் 'எம்கேஎஃப்எஸ்' கருவியின் கையேட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். இயல்பாக அது ஒவ்வொரு 16 கேபி இடத்துக்கும் ஓர் ஐநோடு வைக்கிறது. 2 டெராபைட்டுக்குக் கணக்குப் போட்டால் 13,42,17,728 ஐநோடுகள். ஒன்றுக்கு 256 பைட். மொத்தம் 32 ஜிபி. ஒரு கோப்பும் வைப்பதற்கு முன்பே 32 ஜிபி காலி! பதின்மூன்று கோடிக் கோப்புகளை நான் எந்த ஜென்மத்தில் வைக்கப்போகிறேன் என்று தோன்றியது. '-டி லார்ஜ்ஃபைல்' என்று கொடுத்தால் ஒரு எம்பிக்கு ஓர் ஐநோடுதான், 32 ஜிபி வெறும் 512 எம்பியாகச் சுருங்கும் என்று கையேடு ஆசை காட்டியது. கொடுத்தேன். ஏதோ சாதித்துவிட்ட மிதப்பில் அன்று தூங்கப் போனதும் நினைவிருக்கிறது.

என் பேக்கப் ஸ்கிரிப்ட், கோப்புகளை நகலெடுக்கும் 'ஆர்சின்க்' கருவியை 'லிங்க்-டெஸ்ட்' முறையில் ஓட்டுகிறது. தினமும் முழு பேக்கப் போலவே ஒரு புது ஃபோல்டர் உருவாகும். ஆனால் மாறாத கோப்புகள் மறுபடி நகலெடுக்கப்படாது. நேற்றைய ஐநோடுக்கே இன்னொரு பெயர் சூட்டப்படும். ஹார்டு லிங்க். ஆகவே மாறாத கோப்புக்குப் புது ஐநோடு செலவில்லை. இதுவரை எல்லாம் சரி. ஆனால் ஃபோல்டர்களுக்கு இப்படி ஹார்டு லிங்க் போட முடியாது. ஒவ்வொரு இரவும் ஃபோல்டர் மரம் முழுக்கப் புதிதாகத்தான் முளைக்க வேண்டும். நிரல் எழுதும் கணினி என்பதால் அங்கே ஃபோல்டர்களுக்குக் குறைவே இல்லை. எண்ணிப் பார்த்தேன்: கோப்புகள் சுமார் 2,90,000, ஃபோல்டர்கள் சுமார் 41,000.

அதாவது முதல் நாள் 3,31,000 ஐநோடுகள். அதன்பின் தினமும் 41,000 ஃபோல்டர்கள், கூடவே மாறிய கோப்புகள் ஓரிரண்டாயிரம். 43,000 என்று வைத்துக்கொள்ளலாம். இருபது லட்சத்துச் சொச்சம் எத்தனை நாளைக்கு வரும்? 41 நாள். என் ஸ்கிரிப்ட் பழைய பேக்கப்புகளை அழிப்பதே இல்லை. இவ்வளவு இடம் இருக்கிறதே, எதற்கு அழிப்பானேன் என்று விட்டிருந்தேன். 42-ஆவது இரவு அந்த லாக் வரி வந்தது. கணக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியபோது கோபம்கூட வரவில்லை.

இதைச் சரிசெய்ய, ஃபார்மேட் செய்த பின்னும் அமைப்புகளை மாற்ற உதவும் 'ட்யூன்2எஃப்எஸ்' மாதிரி ஏதாவது கருவி இருக்கும் என்று தேடினேன். கிடையாது. எக்ஸ்ட்4 தன் இடத்தை 128 எம்பி தொகுப்புகளாகப் பிரித்துக்கொள்கிறது. இயல்பான அமைப்பில் ஒவ்வொரு தொகுப்பிலும் 8,192 ஐநோடுகள் இருக்கும். என் 'லார்ஜ்ஃபைல்' புண்ணியத்தில் 128-தான் இருந்தன. பார்ட்டிஷனைப் பெரிதாக்கினால் புதுத் தொகுப்புகள் சேரும், ஆனால் அவையும் அதே 128 உடன்தான் சேரும். ஒரே வழி, பழையதை வழித்துவிட்டு மறுபடி போடுவது.

அப்போதைக்குப் பத்துப் பழைய பேக்கப்புகளை அழித்துப் பத்து நாள் அவகாசம் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொன்றிலும் மூன்று லட்சத்துக்கு மேல் பெயர்களை நீக்க வேண்டும் என்பதால் அந்த அழிப்பே அன்று மாலை முழுவதையும் தின்றது.

எதை மாற்ற முடியாது?

முதல் முறை தேர்ந்தெடுத்தபோது நான் கேட்ட கேள்வி "எது வேகம், எது இடத்தை மிச்சம் பிடிக்கும்?" இந்த முறை ஒரு தாளில் வேறு கேள்வி எழுதிக்கொண்டேன்: ஒருமுறை போட்ட பிறகு, இந்த ஃபைல் சிஸ்டத்தில் என்னால் மாற்றவே முடியாதது எது?

எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் என் பிரச்சினைக்கு நேரான மருந்து. சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் தன் ஐரிக்ஸ் இயங்குதளத்துக்காக உருவாக்கியது. 2014-இல் வந்த ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7 அதைத்தான் இயல்புத் தேர்வாக எடுத்துக்கொண்டது. அதில் ஐநோடுகள் முன்கூட்டியே அச்சடிக்கப்படுவதில்லை, தேவைப்படும்போது இடம் ஒதுக்கப்படும். எனக்கு நடந்தது அதில் நடந்திருக்காது. ஆனால் அதைப் பெரிதாக்கலாம், நடைமுறையில் சுருக்க முடியாது. இந்த பேக்கப் பார்ட்டிஷன் டிஸ்கின் கடைசியில் இருக்கிறது. நாளைக்கு அதன் வாலை வெட்டி மூன்றாவதாக ஒன்று போட வேண்டியிருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். என் புத்தி அப்படி.

பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தின் மேல் எனக்கு உண்மையிலேயே ஆசை. ஹார்டு லிங்க் வித்தையே வேண்டாம். ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்துவைப்பது) எடுத்தால் ஒரு நொடியில் முடியும், 41,000 ஃபோல்டர்களும் மறுபடி முளைக்காது. தரவுக்கும் செக்சம் (கெட்டிருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்) வைத்திருக்கிறது. டிஸ்கில் ஒரு பிட் சத்தமில்லாமல் புரண்டுபோனாலும் படிக்கும்போது கண்டுபிடித்துவிடும். எக்ஸ்ட்4-இல் செக்சம் மெட்டாடேட்டாவுக்கு, அதாவது கோப்புகளைப் பற்றிய விவரங்களுக்கு, மட்டும்தான். படத்தின் உள்ளே ஏதாவது கெட்டால் அது வாயே திறக்காது. ஒற்றை டிஸ்கில் பிடிஆர்எஃப்எஸ் கெட்ட தரவைக் கண்டுபிடிக்கும், ஆனால் சரிசெய்ய இன்னொரு பிரதி இருக்காது. அதுவே போதும் என்றுதான் நினைத்தேன். சுருக்கலாம், விரிக்கலாம், பின்னால் இன்னொரு டிஸ்க்கூடச் சேர்க்கலாம்.

10 ஜிபிக்கு ஒரு கோப்பை உருவாக்கி, அதையே டிஸ்க் மாதிரி பாவித்து அதில் பிடிஆர்எஃப்எஸ் போட்டு இரண்டு நாள் விளையாடினேன். இந்தப் பழக்கத்தை எல்லோருக்கும் சொல்வேன். 'ட்ரன்கேட்' கட்டளையால் வெற்றுக் கோப்பு, அதன்மேல் 'எம்கேஎஃப்எஸ்', பிறகு 'லூப்' விருப்பத்தோடு மவுண்ட் (ஃபைல் சிஸ்டத்தை ஒரு ஃபோல்டரில் இணைப்பது). உண்மையான டிஸ்கைத் தொடாமலே எல்லாத் தப்பையும் செய்து பார்க்கலாம். பிடித்துத்தான் இருந்தது.

கடைசியில் என்னைத் தடுத்தது அந்த யுஎஸ்பி பெட்டி. கேபிளைக் கொஞ்சம் அசைத்தால் டிஸ்க் காணாமல்போய் மறுபடி வரும்; கெர்னல் லாகில் 'ரீசெட்' வரிகள் வாரத்துக்கு இரண்டு முறையாவது உண்டு. எழுதியதை உண்மையிலேயே எழுதிவிட்டேன் என்று டிஸ்க் சொல்லும் வார்த்தையை நம்பித்தான் பிடிஆர்எஃப்எஸ் போன்றவை நிற்கின்றன. அந்தப் பெட்டி பொய் சொன்னால் மரத்தின் வேரே குழம்பிப்போகலாம். எக்ஸ்ட்4-உம் அதே நம்பிக்கையில்தான் ஓடுகிறது. ஆனால் அடிபட்ட எக்ஸ்ட்4-ஐ 'ஈ2எஃப்எஸ்சிகே' என்ற பழுதுபார்க்கும் கருவி கொண்டு பல முறை எழுப்பி உட்கார வைத்திருக்கிறேன். அந்தக் கருவி என் கைக்குப் பழக்கம். பிடிஆர்எஃப்எஸ் அடிபட்டால் முதலில் எந்தக் கட்டளையைத் தொடக்கூடாது என்பதையே நான் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த டிஸ்க் கணினிக்குள் சாட்டா கேபிளில் மாட்டப்படும் நாளில் பிடிஆர்எஃப்எஸ் போடுவேன். பெட்டியில் தொங்கும்வரை வேண்டாம்.

ஆக, மறுபடியும் எக்ஸ்ட்4-தான். சுருக்கவும் விரிக்கவும் முடிகிறது. மாற்றவே முடியாத ஒன்று ஐநோடு விகிதம். அதை மட்டும் இந்த முறை ஒழுங்காகச் செய்தால் போதும்.

டிஸ்கில் கை வைத்தது

முதல் வேலை, கடைசி பேக்கப்பை இன்னொரு டிஸ்குக்கு முழுதாக நகலெடுத்தது. ஃபார்மேட் முடிந்து முதல் பேக்கப் ஓடி முடியும்வரை கணினியில் இருப்பது மட்டுமே ஒரே பிரதி என்ற நிலை வரும். அந்த இடைவெளியில்தான் கணினி டிஸ்குக்கு ஆயுள் முடியும் என்பது என் அனுபவ ஜோதிடம். நகலெடுத்த பிறகு 'ஆர்சின்க்'-ஐ செக்சம் முறையில் இன்னொரு தடவை ஓட்டி, ஒரு கோப்பும் வேறுபடவில்லை என்று பார்த்துக்கொண்டேன். பழைய நாற்பது நாள் வரலாற்றை விட்டுவிட்டேன். அதில் எனக்குத் தேவையானது எதுவும் இல்லை.

அதே சூட்டில், டிஸ்க் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் 'ஸ்மார்ட்' நீண்ட பரிசோதனையையும் இரவில் ஓடவிட்டேன். 4 டெராபைட்டை முழுக்கப் படிக்க ஏழெட்டு மணி நேரம் ஆகும். மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார் பூஜ்யம், காத்திருக்கும் செக்டார் பூஜ்யம். நல்லது.

மறுநாள் காலை கணினியை அணைத்து எழுப்பிவிட்டு, இரண்டு டிஸ்குகளும் செருகியபடியே உட்கார்ந்தேன். ஷெல்லில் பழைய கட்டளை வரலாற்றைத் தேடினால் முதல் முறை அடித்த 'எம்கேஎஃப்எஸ்' வரி அப்படியே கிடைத்தது: எஸ்டிபி2-இன் மேல், அதாவது கெர்னல் எஸ்டிபி என்று பெயர் வைத்த டிஸ்கின் இரண்டாவது பார்ட்டிஷன் மேல். 'லார்ஜ்ஃபைல்' பகுதியை நீக்கிவிட்டு என்டர் தட்டினேன். அது இப்படிக் கேட்டது: இந்தப் பார்ட்டிஷனில் ஏற்கெனவே ஓர் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் இருக்கிறது, அதன் லேபிள் இது, கடைசியாக இந்த இடத்தில் நேற்று இரவு மவுண்ட் செய்யப்பட்டது. "ப்ரொசீட் எனிவே?"

ஏற்கெனவே ஒன்று இருப்பது தெரிந்ததுதானே என்று 'ஒய்' மேல் விரல் போய்விட்டது. லேபிளைப் பார்த்தேன். அது நேற்று நகல் எடுத்து வைத்த டிஸ்கின் லேபிள்.

'என்' தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு யுஎஸ்பி டிஸ்குகள் இருந்தால் எது எஸ்டிபி, எது எஸ்டிசி என்பது கெர்னல் எதை முதலில் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. நேற்று எஸ்டிபியாக இருந்தது இன்று எஸ்டிசி. எனக்கு இது தெரியாத விஷயமா? தெரியும். பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பேன். லேபிள் வைக்கும் பழக்கம் மட்டும் இல்லாதிருந்தால் அந்தக் கேள்வியில் எச்சரிக்கை எதுவுமே என் கண்ணில் பட்டிருக்காது. எக்ஸ்எஃப்எஸ் கருவி இந்த விஷயத்தில் இன்னும் கறார்: பழைய ஃபைல் சிஸ்டம் இருந்தால் கேள்வியே கேட்காது, '-எஃப்' கொடுக்காமல் செய்ய மாட்டேன் என்று நின்றுவிடும்.

நகல் டிஸ்கை அவிழ்த்து மேசைக்கு மறுபக்கம் வைத்தேன். பிறகு 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையில் அளவு, மாடல், சீரியல் எண், லேபிள் நான்கையும் காட்டச்சொல்லி, சீரியல் எண்ணைப் பெட்டியின் அடியில் இருந்ததோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். சாதனப் பெயராக எஸ்டிபி, எஸ்டிசி எதையும் கொடுக்காமல், 'டிஸ்க் பை-ஐடி' ஃபோல்டரில் இருக்கும் நீளமான பெயரைக் கொடுத்தேன். அதில் சீரியல் எண்ணும் இருக்கும், எந்தப் பார்ட்டிஷன் என்பதும் இருக்கும். அடிக்க அலுப்பாக இருக்கும். இந்த ஒரு வேலைக்கு அந்த அலுப்பு நல்லது.

இதற்கிடையில் இன்னொரு பழைய கடனையும் தீர்த்தேன். சில வாரம் முன்பு படம் பார்க்க இந்த டிஸ்கை விண்டோஸ் லேப்டாப்பில் செருகியபோது, "இதைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று அது கேட்டிருக்கிறது. வீட்டில் யாரோ நல்ல வேளையாக ரத்து செய்துவிட்டார்கள். ஜிபிடி அட்டவணையில் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ஒரு வகைக் குறியீடு உண்டு. உள்ளே என்ன ஃபைல் சிஸ்டம் இருக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அது வாசலில் தொங்கும் பலகை மட்டும். பழைய கருவிகள் லினக்ஸ் பார்ட்டிஷனுக்கும் விண்டோஸ் தரவுக்கான அதே குறியீட்டையே போட்டுவந்தன. என்னுடையதும் அப்படிப் போட்டதுதான். விண்டோஸ் பலகையைப் பார்த்துத் தன் வீடு என்று நினைத்து உள்ளே எட்டிப்பார்க்கிறது, எதுவும் புரியவில்லை, ஃபார்மேட் செய்யட்டுமா என்கிறது. 'எஃப்டிஸ்க்'-இல் 'டி' (ஆங்கில t) அழுத்தி வகையை 'லினக்ஸ் ஃபைல்சிஸ்டம்' என்று மாற்றினேன். தரவை இது தொடாது. இப்போது விண்டோஸ் அந்தப் பார்ட்டிஷனுக்கு டிரைவ் எழுத்தும் கொடுப்பதில்லை, கேள்வியும் கேட்பதில்லை.

பார்ட்டிஷன் 2048-இன் மடங்கான செக்டாரில் தொடங்குகிறதா என்பதையும் பார்த்துக்கொண்டேன். தொடங்குகிறது. இப்போதைய கருவிகள் தாமாகவே 1 எம்பி எல்லையில் வைத்துவிடுகின்றன. இதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை.

இனி 'எம்கேஎஃப்எஸ்'. முதலில் '-என்' சேர்த்து ஓட்டினேன். எதையும் எழுதாமல், செய்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று மட்டும் காட்டும். ஐநோடு எண்ணிக்கை 13,42,17,728 என்று வந்தது. அதைப் பார்த்ததும் பழைய ஆசாமி எட்டிப்பார்த்தான். நூறு நாள் பேக்கப்புக்கே 46 லட்சம்தானே வேண்டும், 64 கேபிக்கு ஒன்று என்று வைத்தால் 3.3 கோடி போதுமே, 24 ஜிபி மிச்சமாகுமே! '-ஐ 65536' என்று அடித்தும்விட்டேன். கணக்கில் தப்பில்லை. ஆனால் இந்தப் பார்ட்டிஷன் நாளைக்கு வேறு எதற்குப் பயன்படும் என்று எனக்குத் தெரியாது. 2 டெராபைட்டில் 24 ஜிபி என்பது ஒரு சதவீதத்துச் சொச்சம். பேக்ஸ்பேஸை அழுத்திப் பிடித்தேன்.

மாற்றியது ஒன்றே ஒன்று: '-எம் 0'. எக்ஸ்ட்4 இயல்பாக 5 சதவீத இடத்தை ரூட் (நிர்வாகி) பயனருக்கென்று ஒதுக்கிவைக்கும். இயங்குதளம் இருக்கும் பார்ட்டிஷனில் அது அவசியம். டிஸ்க் நிரம்பினாலும் கணினி மூச்சுவிட இடம் இருக்கும். வெறும் பேக்கப் பார்ட்டிஷனில் 2 டெராபைட்டுக்கு 102 ஜிபி சும்மா கிடக்கும். முதல் முறை 32 ஜிபிக்குக் கணக்குப் பார்த்த மகான் இந்த 102 ஜிபியை கவனிக்கவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதை 'ட்யூன்2எஃப்எஸ்' கொண்டு எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், எனவே பயமில்லை. கூடவே '-எல்' கொடுத்து லேபிள். எக்ஸ்ட்4-இல் 16 ஆங்கில எழுத்து வரை வைக்கலாம்.

என்டர். அது மறுபடி அதே கேள்வியைக் கேட்டது. இந்த முறை லேபிள் சரியானது. 'ஒய்'. சில நொடிகளில் முடிந்தது. திரையில், ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள் இருக்கும் சூப்பர்பிளாக்கின் காப்புப் பிரதிகள் எங்கெங்கே என்று ஒரு வரிசை ஓடும்: 32768, 98304, 163840 என்று போகும். அதை நகலெடுத்துக் குறிப்பில் வைத்தேன். முதல் சூப்பர்பிளாக் கெட்டு மவுண்ட் ஆக மறுத்தால், 'ஈ2எஃப்எஸ்சிகே -பி 32768' (பி என்பது ஆங்கில b) என்று காப்புப் பிரதியைக் காட்டி உயிர்ப்பிக்கலாம்.

மவுண்ட் செய்து முதல் பேக்கப்பை ஓட்டினேன், எழுத அனுமதியில்லை என்று விழுந்தது. புது ஃபைல் சிஸ்டத்தின் உச்சி ஃபோல்டர் ரூட்டுக்குச் சொந்தம். உரிமையாளரை மாற்றும் 'சௌன்' செய்ய மறந்திருந்தேன். செய்ததும் ஓடியது.

பேக்கப் முடிந்து வெகு நேரம் ஆகியும் பெட்டியின் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. யாரும் எதையும் எழுதவில்லை. 'ஐஓடாப்' பார்த்தால் 'எக்ஸ்ட்4லேஸிஇனிட்' என்று ஒரு கெர்னல் வேலை. அந்த 32 ஜிபி ஐநோடு அட்டவணையை 'எம்கேஎஃப்எஸ்' அப்போதே எழுதி முடிப்பதில்லை, அதனால்தான் சில நொடிகளில் முடிகிறது. மவுண்ட் செய்த பிறகு கெர்னல் நிதானமாகப் பின்னணியில் பூஜ்யம் எழுதிக்கொண்டே போகும். நடுவில் முறைப்படி கழற்றினாலும் பாதகமில்லை, அடுத்த மவுண்டில் தொடரும். முதல் தடவை இதைப் பார்ப்பவர்கள் டிஸ்கில் ஏதோ புகுந்துவிட்டது என்று பதறுவார்கள். மறுநாள் காலைக்குள் விளக்கு அடங்கியது.

விடிந்தால் இன்னொன்று

மூன்று நாள் கழித்துக் கணினி ஒரு புதுக் குரலில் அழுதது. இந்த முறை இயங்குதளம் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் நிரம்பிவிட்டது.

முந்தின நாள் வரை பேக்கப் டிஸ்க் மவுண்ட் ஆகியே இருந்தது. அன்று ஒரு கெர்னல் அப்டேட்டுக்காக ரீபூட் செய்தேன். எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் 'எஃப்எஸ்டேப்' கோப்பில் பேக்கப் பார்ட்டிஷனை யூயுஐடி (ஃபைல் சிஸ்டத்தின் தனி அடையாள எண்) கொண்டுதான் குறித்திருக்கிறேன், அது நல்ல பழக்கம்தான். ஆனால் ஃபார்மேட் செய்தால் யூயுஐடி புதிது! 'எஃப்எஸ்டேப்'-இல் பழைய எண் அப்படியே இருந்தது. கூடவே 'நோஃபெயில்' விருப்பமும் இருந்தது. டிஸ்க் இல்லாவிட்டாலும் கணினி எழுந்துவிட வேண்டும் என்று போட்டது. அது இல்லாவிட்டால் கணினியை எழுப்பும் சிஸ்டம்டி ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போயிருக்கும், நானும் அப்போதே கண்டுபிடித்திருப்பேன். 'நோஃபெயில்' தயவில் கணினி சமர்த்தாக எழுந்தது. மவுண்ட் ஆகவில்லை. இரவு ஸ்கிரிப்ட் வந்தது. மவுண்ட் செய்ய வேண்டிய இடத்தில் வெறும் காலி ஃபோல்டர், அது ரூட் பார்ட்டிஷனின் ஃபோல்டர். முந்தைய பேக்கப் இல்லையே என்று 'ஆர்சின்க்' ஒரு எச்சரிக்கை வரி எழுதிவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து அங்கேயே நகலெடுக்கத் தொடங்கிவிட்டது. 60 ஜிபி ரூட் பார்ட்டிஷன் எத்தனை நேரம் தாங்கும்?

அந்த ஃபோல்டரில் குவிந்ததை அழித்தேன். அழிப்பதற்கு முன் அது உண்மையிலேயே மவுண்ட் ஆகாத ஃபோல்டர்தானா என்று மூன்று முறை பார்த்தேன், ஒரு தடவை பட்ட பிறகு புத்தி வரும். 'பிஎல்கேஐடி'-யிலிருந்து புது யூயுஐடியை எடுத்து 'எஃப்எஸ்டேப்'-இல் போட்டேன். 'எம்கேஎஃப்எஸ்'-இலேயே '-யு' கொடுத்துப் பழைய யூயுஐடியையே வைத்திருக்கலாம் என்பது அப்புறம்தான் உறைத்தது. அப்படிச் செய்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை. ஸ்கிரிப்டின் முதல் வரியில் 'மவுண்ட்பாயிண்ட் -க்யூ' சேர்த்தேன். மவுண்ட் ஆகவில்லையென்றால் ஓடாமல் எனக்கு மின்னஞ்சல் அனுப்பும். அதோடு டிஸ்கைக் கழற்றிவிட்டு அந்தக் காலி ஃபோல்டருக்கு 'சாட்ர் +ஐ' போட்டேன். மவுண்ட் ஆகாதபோது ரூட் பயனரே நினைத்தாலும் அதற்குள் எதையும் எழுத முடியாது. மேலே டிஸ்க் மவுண்ட் ஆனால் அந்தப் பூட்டு கீழே மறைந்துவிடும், எழுதுவது வழக்கம்போல் நடக்கும்.

ஸ்கிரிப்ட்டில் 120 நாளுக்கு முந்தைய பேக்கப்புகளை நீக்கும் வரியையும் எழுதினேன். தினசரி மின்னஞ்சலில் 'டிஎஃப்' முடிவுக்குக் கீழே 'டிஎஃப் -ஐ' முடிவும் வருகிறது. இன்று 23-ஆவது நாள். பயன்பாட்டில் 13,20,000 சொச்சம் ஐநோடுகள், 1%.